வண்டி எங்கே நடுங்குகிறது? ஒரு பழைய பஜெரோ கற்றுத் தந்த பாடம்

"தம்பி, உன்ட வண்டி நடுங்குது" என்று முதலில் சொன்னது நானல்ல, பின் இருக்கையில் இருந்த எங்கள் ஊர் அக்கா. 2006இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று அவருடைய இடுப்பில் இன்னும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை சம்பூரிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு மருத்துவரிடம் போய்வருவார். வழக்கமாக என்னுடைய வண்டியில்தான் போவார். அன்று தோப்பூர்ச் சந்தி தாண்டி நேர் றோட்டில் வேகம் எடுத்தபோதுதான் அதைச் சொன்னார். "கையில இல்ல, கீழ இருந்து வருது. எலும்புக்குள்ள கூசுது."

என் கைக்கோ ஸ்ரியரிங் மட்டும்தான் ஆடியது. மணிக்கு 75 கிலோமீற்றருக்கு மேல் போனால் ஆட்டம் தொடங்கும், 90ஐத் தாண்டினால் குறையும். அதைத்தான் ஆறு மாதமாகத் திருத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது வேறொரு நடுக்கம். ஒரே வண்டியில் இரண்டு நோய் இருக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் எப்படிப் பிரித்து அறிந்தோம் என்பதைப் பற்றியது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் எங்கள் பகுதிகளில் நிறையப் பேர். வயலுக்கும், மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் பரீட்சைக்கும் அதே வண்டிதான். அவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

பழைய வண்டிகள் ஏன் இன்னும் ஓடுகின்றன

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு திருகோணமலை மாவட்டத்துக்கு உதவி நிறுவனங்கள் வந்தன. அவற்றோடு வெள்ளை நிற ஜீப்புகளும் வந்தன. நிறுவனங்கள் போன பிறகு வண்டிகள் கைமாறின. 1996ஆம் ஆண்டு மாதிரி என்னுடைய பஜெரோவும் அப்படி மூன்று கை மாறி வந்ததுதான். 2006 ஏப்ரல் இறுதியில் சம்பூரை விட்டு ஓடிய எங்கள் குடும்பம், கிளிவெட்டி முகாம் வாழ்க்கைக்குப் பிறகு மீள்குடியேறி, வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு வாங்கிய பெரிய பொருள் அது.

புதிய வண்டி வாங்குவது எங்களைப் போன்றவர்களால் முடிந்த காரியமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 நெருக்கடியில், 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி வந்தது. ஆனாலும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே முப்பது வருட வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டுவதுதான் நம்முடைய கணக்கு.

எங்கள் வண்டிகளுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று கொட்டியாரக்குடாவின் உப்புக் காற்று. அது அடிச்சட்டத்தையும் போல்ட்டுகளையும் தின்கிறது. மற்றது கிரவல் றோட்டு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு, 'பாதை'யில் வண்டியை ஏற்றி இறக்கும் காலம் அந்தத் துறையில் முடிந்தது. பிரதான வீதியும் நல்லதாகிவிட்டது. ஆனால் பிரதான வீதியிலிருந்து ஊருக்குள் திரும்பியதும் குழியும் கல்லும்தான். அரை மணி நேரம் குழிக்குள் குதித்த வண்டியை, அடுத்த அரை மணி நேரம் காபெற் றோட்டில் 80இல் ஓட்டுகிறோம். குழியில் தேய்ந்த பாகம் தன் குறையைக் காபெற் றோட்டில்தான் காட்டும்.

முதல் தவறு: காரணம் தெரியாமல் பாகம் மாற்றியது

ஸ்ரியரிங் ஆட்டம் தொடங்கியதும் நகரத்தில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே "ஷொக் போயிட்டு, புஷ் போயிட்டு" என்றார்கள். முன் ஷொக் அப்சோபர் இரண்டும், ஆம் புஷ்கள் எல்லாமும் மாற்றினார்கள். அந்தச் செலவுக்கு ஒரு போக நெல்லை விற்ற பணம் போனது. வீடு திரும்பும் வழியிலேயே ஸ்ரியரிங் பழையபடி ஆடியது. ஆறு மாதத்தில் புதுப் புஷ்களும் கிழிந்தன.

இரண்டுக்கும் காரணம் உண்டு. ஷொக் அப்சோபர் வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் குதிப்பதை அடக்குவதுதான் அதன் வேலை. அது பழுதானால் குழியில் விழுந்த பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடும். ரயர் அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேயும். ஷொக்கின் உடம்பில் எண்ணெய் வடியும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்ரியரிங் ஆடுவது சுழலும் ஏதோவொரு பொருளின் குற்றம். சுழலாத ஷொக் அதைத் தொடங்கி வைக்காது. தேய்ந்திருந்தால் கூட்டிக் காட்டலாம், அவ்வளவுதான்.

புஷ் ஏன் கிழிந்தது என்பதைக் கிண்ணியாவில் ஒரு சிறிய கராச் வைத்திருக்கும் நானாதான் விளக்கினார். வேப்பமரமும் தகரக் கூரையும்தான் அவருடைய கராச்.

"தம்பி, சாமான் மாத்துறது பெரிய வேல இல்ல. எது போயிருக்கெண்டு கண்டுபிடிக்கிறதுதான் வேல" என்றார். பிறகு கிழிந்த புஷ்ஷை எடுத்துக் காட்டினார். புஷ்ஷின் நடுவில் இரும்புக் குழாய், வெளியே இரும்பு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டிய இறப்பர். போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் அசையாது. ஆம் மேலும் கீழும் போகும்போது முறுகுவது இறப்பர்தான். வண்டியை ஜக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கிய நிலைதான் இறப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் இறப்பர் முறுகி நிற்கும். வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும்போதும் அது முறுகியபடியே நிற்கும். பிறகு ஒவ்வொரு குழியிலும் அளவுக்கு மீறி முறுகிக் கிழியும்.

ஆகவே விதி இது: இறப்பர் புஷ் போட்டால் போல்ட்டைக் கைப்பிடியாக மட்டும் பூட்ட வேண்டும். நான்கு சக்கரமும் நிலத்தில் நின்று, வண்டி தன் பாரத்தில் அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். அதை நான் அறிந்திருந்தால் அந்தப் பணத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நடுக்கத்தைக் கேட்பது எப்படி

நானா ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் என்னை ஓட்டச் சொல்லித் தான் பின் இருக்கையில், அக்கா இருந்த அதே இடத்தில் இருந்தார். பிறகு இடம் மாறி முன்னால் வந்தார். அவர் கேட்ட கேள்விகளை ஒழுங்காக எழுதினால் இப்படி வரும்.

முதலாவது, எங்கே உணர்கிறது? ஸ்ரியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன் சக்கரப் பக்கம். இருக்கையிலும் தரையிலும் என்றால் பின் சக்கரம் அல்லது புறொப்பலர் சாப்ட்.

இரண்டாவது, எப்போது? பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அக்சிலேற்றரை அழுத்தும்போது கூடி, காலை எடுத்ததும் மாறினால் புறொப்பலர் சாப்டின் யூனிவேசல் ஜொயின்ற் மீது சந்தேகம். அழுத்தினாலும் விட்டாலும் வேகத்தோடு மட்டும் மாறினால் ரயர், றிம், பெயாரிங்.

மூன்றாவது, எஞ்சினா, சக்கரமா? நேரான, வெறிச்சோடிய றோட்டில், நடுக்கம் வரும் வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சின் குற்றமல்ல. இதற்காக ஓடும் வண்டியில் சாவியை ஒருபோதும் திருப்பக்கூடாது. ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளலாம். வண்டி நிற்கும்போது எஞ்சினை முடுக்கினாலே நடுங்கினால் எஞ்சின் தாங்கிகளைப் பார்க்கலாம்.

நான்காவது, எண்ண முடிகிறதா, முடியாதா? இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. என் வண்டியின் ரயர் 265/70 ஆர் 16. அதன் சுற்றளவு ஏறத்தாழ 2.44 மீற்றர். மணிக்கு 80 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 22 மீற்றருக்குச் சற்று மேல். ஆகவே சக்கரம் செக்கனுக்கு 9 தடவை சுற்றும். பின் அச்சின் பல் விகிதம் 4.9 என்றால் புறொப்பலர் சாப்ட் செக்கனுக்கு ஏறத்தாழ 45 தடவை சுற்றும். ஒன்பது என்பது கையில் தட்டுவது போன்ற ஆட்டம், ஒவ்வொன்றாக உணரலாம். நாற்பத்தைந்து வண்டு இரைவது போன்ற அதிர்வு, எண்ண முடியாது. என் கைக்கு வந்தது ஒன்பது. அக்காவின் எலும்புக்கு வந்தது நாற்பத்தைந்து. அவர் "கூசுது" என்று சொன்ன சொல் மிகச் சரியானது.

ரயரில் தொடங்குங்கள்

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். றிம்மின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்த சேறே போதும், சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்க. மாரி காலத்தில் இதைக் கழுவியே பலருடைய நடுக்கம் போயிருக்கிறது. அடுத்தது சக்கர நட்டுகள். அவற்றைச் சுற்றி வராமல், எதிரெதிராக மாறி மாறி இறுக்க வேண்டும்.

பிறகு ரயரின் வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும், பத்து வருட இறப்பரை நம்பிப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றி, ஒரு குச்சியை ரயருக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தால், எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே ஒதுங்கி ஓடுகிறது என்று தெரியும்.

என் இடது முன் ரயரின் உட்பக்கத்தில் ஒரு வீக்கம் இருந்தது. உள்ளே உருக்குக் கம்பிப் பட்டி பிரியத் தொடங்கியிருந்தது. உறுதி செய்ய நானா அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஊர் வேகத்தில் கொஞ்சத் தூரம் ஓட்டினார். ஸ்ரியரிங் ஆட்டம் அடங்கி, அதே தட்டல் இருக்கைக்கு வந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அந்த ரயரை அன்றே கழித்துவிட்டோம். வீங்கிய ரயர் எந்த நேரமும் வெடிக்கலாம். அதை வைத்து வேக ஓட்டம் கூடாது.

தூக்கிப் பார்ப்பது

வண்டியை ஜக்கில் தூக்கியதும் அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்ராண்ட் அல்லது கனமான மரக்கட்டை வைக்க வேண்டும். தனி ஜக்கை நம்பி உள்ளே போகாதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம், பாரத்தில் அது திடீரென்று உடையும்.

சக்கரத்தை மணிக்கூட்டின் 12ஆம் 6ஆம் இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பெயாரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ற் அல்லது ஆம் புஷ். பிறகு 3ஆம் 9ஆம் இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும். அங்கே ஆட்டம் என்றால் ரை றொட் என்ட், ஐட்லர் ஆம், ஸ்ரியரிங் பெட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு இன்னும் நல்ல வழி, வண்டி நிலத்தில் நிற்க, ஒருவர் ஸ்ரியரிங்கை இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் கீழே ஒவ்வொரு பூட்டாகக் கவனிப்பது. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசையும் பூட்டு தேய்ந்தது. என் வண்டியில் ஐட்லர் ஆம் அப்படி அசைந்தது. ரயர் தந்த சிறு தட்டலை ஸ்ரியரிங்குக்குப் பெரிதாக்கிக் கொடுத்தது அதுதான்.

போல் ஜொயின்றைச் சோதிக்க ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்பிரிங்கின் பாரம் அதன்மேல் இருக்கும்போது தேய்மானம் ஒளிந்துவிடும். ஸ்பிரிங்கோ, முறுக்குக் கம்பியோ எந்த ஆமில் பூட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கீழ் ஆமில் என்றால் ஜக்கைக் கீழ் ஆமுக்கு அடியில், சக்கரத்துக்கு அருகே வையுங்கள். மேல் ஆமில் என்றால் அடிச்சட்டத்தைத் தூக்கி ஆமைத் தொங்கவிடுங்கள். பிறகு ரயருக்கு அடியில் நீண்ட கம்பியைக் கொடுத்து நெம்பினால் ஒளிந்த ஆட்டம் வெளியே வரும்.

எனக்கு அங்கேதான் வயிறு கலங்கியது. வலது கீழ் போல் ஜொயின்ற் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏறி இறங்கியது. இறப்பர் உறை கிழிந்து, உப்பும் மணலும் உள்ளே போயிருந்தன. அது நடுக்கம் எதையும் தரவில்லை. சத்தமும் பெரிதாக இல்லை. ஆனால் அது கழன்றால் சக்கரம் அப்படியே வெளியே மடியும், வண்டி யார் பேச்சும் கேட்காது. அந்தப் பூட்டோடுதான் போன மாதம் ஒரு பிரசவத் தாயை இரவில் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்திருக்கிறேன்.

நடுங்கும் பாகம் நம்மைக் கூப்பிடுகிறது. கூப்பிடாத பாகத்தைத்தான் நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கடைசியாகப் புறொப்பலர் சாப்ட். வண்டி நகராதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, சாப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தார். பின் யூனிவேசல் ஜொயின்றில் ஆட்டம். மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத் தூள். உள்ளே கிறீஸ் காய்ந்து ஊசி உருளைகள் துருப்பிடித்ததன் அடையாளம் அது. அக்காவின் நாற்பத்தைந்துக்கு விடை அதுதான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பஜெரோவின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆமைக் கழற்றும் முன் அந்தக் கம்பியின் சரிசெய் போல்ட்டைத் தளர்த்தி, முறுக்கு விசையை இறக்க வேண்டும். தளர்த்தும் முன் போல்ட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இடது வலது கம்பிகளை மாற்றிப் போடக்கூடாது.

ரை றொட் என்ட் கழற்றினால் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, அதே சுற்றில் புதியதைப் பூட்டுங்கள். அது கராச்சுக்குப் போகும் வரைக்குமான அளவுதான். முன்பக்கம் கைவைத்தால் வீல் அலைன்மென்ற் கட்டாயம்.

போல் ஜொயின்றின் நட்டில் வெட்டு இருக்கும், அதற்குள் பிளவு ஊசி போகும். கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கியும் துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று முன்னே இறுக்க வேண்டும். நேராக்குவதற்காகப் பின்னே தளர்த்தக்கூடாது. பழைய ஊசியை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள்.

சாப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டு, அதே கோட்டில் திருப்பிப் பூட்டுங்கள். மாறிப் போட்டால் புது ஜொயின்ற் போட்டும் நடுங்கும். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதைவிட அழுத்தி இயந்திரம் உள்ள இடத்துக்கு ஆமைக் கொண்டுபோவது நல்லது. பழைய புஷ்ஷை எரித்து எடுப்பதும் வேண்டாம். புகை நஞ்சு, இரும்பும் சூடேறிக் கெடும்.

சமாளிப்பதற்கும் ஓர் எல்லை

எங்கள் மக்கள் சமாளிக்கப் பழகியவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடக்கி வைக்க மட்டும் சில துளி பெற்றோல். எங்கள் பக்கத்தில் பழைய ரயரை வெட்டிப் புஷ் செய்து ட்ரக்டரில் போட்டதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல, அது ஒரு தொழில் அறிவு. ஆனால் தற்காலிகம் நிரந்தரமாகும்போது என்ன நடக்கும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியும் வரை ஓடவிட்ட படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள்.

பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே நானா எனக்குச் சொன்ன ஒழுங்கைச் சொல்கிறேன். போல் ஜொயின்ற், ரை றொட் என்ட், வீல் பெயாரிங், பிரேக், வீங்கிய ரயர் ஆகியவை முதலில். இவற்றில் ஒன்று போயிருந்தால் அதை மாற்றும் வரை வண்டி முற்றத்தில் நிற்கட்டும். அடுத்தது யூனிவேசல் ஜொயின்ற். அது அறுந்தால் சாப்ட் றோட்டில் குத்தும். பிறகு ஐட்லர் ஆம், புஷ். ஷொக் அப்சோபர் கடைசி. அதுவரை வேகத்தைக் குறைத்து ஓட்டலாம்.

பழைய சாமான் வாங்குவதிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும். கதவு, விளக்கு, ஆம், சாப்ட் போன்றவற்றை வளைவு, வெடிப்பு பார்த்துப் பழையதாக வாங்கலாம். இறப்பர் சேர்ந்ததையும், போல் ஜொயின்ற் வகையையும், ரயரையும் பழையதாக வாங்காதீர்கள்.

நான் அந்த ஒழுங்கிலேயே செய்தேன். போல் ஜொயின்றுக்காக வண்டி பதினொரு நாள் கிண்ணியாவில் நின்றது. அந்தப் பதினொரு நாளும் வருமானம் இல்லை. ஐட்லர் ஆம் அடுத்த மாதம், புஷ் நெல் வெட்டிய பிறகு. இந்த முறை புஷ் போல்ட்டுகளை வண்டி நிலத்தில் நிற்கையில் நானே கீழே படுத்து இறுக்கினேன். நானா பக்கத்தில் இருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்காவை ஏற்றிக்கொண்டு போனபோது அதே நேர் றோட்டில் 80 வரை போனேன். கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணியாவுக்கு முன்னரே நித்திரையாகிவிட்டார்.